இரண்டு ஆட்டம் ஆடிய எம்.ஜே. கோபாலன்

நம்ம கல்லூரிக்கு பஸ்ஸில் வந்து படித்தவர்களுக்கு தண்டையார்பேட்டை எண்ணெய்த் தொட்டிகள் ஞாபகம் இருக்கும். அந்த எண்ணெய்த் தொழிலில் சம்பளம் வாங்கிக்கொண்டே, இந்தியாவுக்காக கிரிக்கெட், ஹாக்கி இரண்டும் ஆடியவர் எம்.ஜே. கோபாலன்.

செங்கல்பட்டு மாவட்டம் மொரப்பாக்கத்தில் 1909-ல் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். வேகப்பந்து வீச்சாளர். அந்த நாளில் கிரிக்கெட் ஆடினால் கைதட்டல் கிடைக்கும், சோறு கிடைக்காது. அவர் திறமையைக் கண்டுபிடித்த சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், தான் வேலை பார்த்த பர்மா ஷெல் கம்பெனியிலேயே அவருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். மாதச் சம்பளம் வந்தது, ஆட்டமும் தொடர்ந்தது.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். கிடைத்தது ஒரே விக்கெட். அதே வருடம் நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பை பிறந்தபோது அதன் முதல் பந்தை வீசியவரும் இவரே. மைசூருக்கு எதிரான அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது, சென்னைக்கு வெற்றி! 1935-ல் ஹாக்கி மட்டையோடு தியான்சந்த் அணியில் நியூசிலாந்து போய் வந்தார்.

1936-ல் வந்தது சோதனை. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். இரண்டும் ஒரே சமயம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே மூன்று டெஸ்டிலும் அவருக்கு இடமில்லை. பெர்லினிலோ ஹாக்கி அணி இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது. கல்கத்தாவில் ஆடியதுதான் அவருடைய ஒரே டெஸ்ட்.

அதற்காக அவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. சென்னைக்குத் தொடர்ந்து ஆடினார், பிறகு இந்திய அணித் தேர்வாளராகவும் இருந்தார். 1952-53-ல் தொடங்கிய சென்னை–சிலோன் போட்டிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2003 டிசம்பரில் காலமானார்.

கடைசி வருடத்தில் எனக்கும் இப்படி ஒன்று வந்தது. கல்லூரி அணியின் மண்டல ஆட்டமும் கேம்பஸ் இன்டர்வியூவும் ஒரே நாள். நான் இன்டர்வியூவுக்குப் போனேன். வேலை கிடைக்கலை, அணியும் தோற்றது. ரொம்ப நாள் மனசு ஆறலை. கோபாலன் கதை தெரிந்த பிறகுதான் ஆறியது.

தம்பி தங்கைகளே, எது சரியான கப்பல் என்று ஏறும்போது யாருக்கும் தெரியாது. இறங்கின பிறகும் பந்து வீசுகிறோமா என்பதுதான் விஷயம்.