ஜானவாசக் காரைச் செதுக்கியவர்

கும்பகோணம் பக்கம் ஏதாவது கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே போயிருக்கீங்களா? போயிருந்தா அந்தக் காரைப் பார்த்திருப்பீங்க. மேல்கூரை இல்லாத, படகு மாதிரி நீளமான ஒரு பழைய அமெரிக்கக் கார். உள்ளே கோட் சூட்டோட மாப்பிள்ளை. அவரைச் சுத்தி யார் வீட்டுப் பிள்ளைங்கன்னே தெரியாத ஏழெட்டு வாண்டுகள். முன்னால நாதஸ்வரம், தவில். கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அரை கிலோமீட்டர் வர முக்கால் மணி நேரம் ஆகும். அதுதான் ஜானவாசம். மாப்பிள்ளையை ஊருக்குக் காட்டுற சடங்கு. மூடின காரில் வந்தா யாருக்குத் தெரியும்?

போன ஐப்பசியில் என் அத்தை பையன் கல்யாணத்தில் அந்தக் கார் பாதி வழியில் நின்னுபோச்சு. ஐம்பதுகளில் வந்த செவர்லே. மெக் படிக்கிறோம்கிற தைரியத்தில் பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது அம்பாசடர் டீசல் இன்ஜின்! கியர்பாக்ஸும் வேறதான். ஒரிஜினலா மிச்சமிருந்தது தகரமும் அதோட வடிவமும் மட்டும். இன்ஜின் போனா மாத்திக்கலாம், வாடகை கொடுக்கிறது இந்த உடம்புக்குத்தான்னு டிரைவர் அண்ணன் சிரிச்சார். அப்புறம் நாங்க நாலு பேர் தள்ளினோம்.

அந்த உடம்பை யோசிச்ச ஆள் யாருன்னு தேடினப்போ கிடைத்தவர் ஹார்லி ஏர்ல். நம்ம சிலபஸில் இவர் பெயர் வராது.

1893 நவம்பர் 22 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். அப்பாவுக்குக் குதிரை வண்டி செய்யும் பட்டறை. கார் வந்ததும் பட்டறையும் காருக்கு மாறியது. பையன் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து, பட்டம் வாங்காமலே திரும்பி வந்தான். (ஆமாங்க, அரியர் வெச்சிருக்கிறவங்க சந்தோஷப்பட்டுக்கலாம்.) ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு விசேஷமான கார் உடல்கள் செய்துகொடுத்துப் பெயர் வாங்கினார். கேமரா முன்னால் வாழ்கிறவர்கள் கார் வாங்குவது எங்கேயோ போய்ச் சேருவதற்காக மட்டும் இல்லை, வந்து இறங்குவதைப் பார்க்க நாலு பேர் வேணும் என்பதற்காகவும்தான் என்பதை அங்கேதான் படித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

காடிலாக் கம்பெனியின் தலைவர் லாரன்ஸ் ஃபிஷர் அந்தப் பட்டறைக்கு வந்தபோது அவரை நிறுத்திய விஷயம் களிமண். ஏர்ல் காரின் உருவத்தை முழுக்கக் களிமண்ணில் பிசைந்து பார்த்துவிட்டுத்தான் தகரத்துக்குப் போவார். நமக்கு இது புதுசு இல்லை. சுவாமிமலையில் ஸ்தபதி முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, பிறகுதானே உலோகம் ஊற்றுகிறார்? கையால் தடவிப் பார்த்து வளைவைத் தீர்மானிப்பதில் இரண்டும் ஒரே ஜாதி வேலை. பானட், கதவு, பின்பக்கம் எல்லாம் தனித்தனிப் பெட்டிகளாக ஒட்டாமல், ஒரே உடம்பாக ஓடியது அதனால்தான்.

1927இல் அவர் வடிவமைத்த லாசால் வெற்றி பெற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் அவருக்காகவே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். கம்பெனி இன்ஜினியர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் பியூட்டி பார்லர். நம்ம ஆளுங்க எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போல! அடுத்து 1929 பியூக்கில் ஏர்லின் வரைபடத்தை, தயாரிப்பு வசதிக்காக அவர்கள் அங்கங்கே மாற்றினார்கள். பக்கவாட்டில் வயிறு தள்ளியது. ஜனங்கள் அதைக் கர்ப்பிணி பியூக் என்று கிண்டல் செய்தார்கள். விற்பனை படுத்தது.

கூரையை எடுப்பது சும்மா வெட்டி வீசுகிற வேலை இல்லை. ஷூ பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்க, மூடி இல்லாமல் முறுக்கிப் பாருங்க. தெரியும். கூரை போனால் டார்ஷனல் ரிஜிடிட்டி போச்சு. அதை ஈடுகட்டச் சேஸிஸில் கூடுதல் இரும்பு போட வேண்டும். அதனால்தான் பல மாடல்களில் கூரை இல்லாத கார், கூரை இருக்கிற காரைவிட எடை கூட. இந்த ஆளுக்கு அதுதான் பிரியம். 1938இல் பியூக் ஒய்-ஜாப் என்று ஒரே ஒரு கார் செய்தார். உள்ளே மறையும் ஹெட்லைட், பட்டனில் இறங்கும் கண்ணாடி, தானாக மடங்கி மூடிக்குள் ஒளியும் கூரை. விற்கவில்லை. பல வருஷம் தானே ஓட்டிக்கொண்டு திரிந்தார்!

போர் விமானமான பி-38இன் வால் அவர் மனதில் நின்றது. 1948 காடிலாக்கின் பின்பக்கம் சின்னதாக இரண்டு துடுப்புகள் முளைத்தன. காற்றியக்கவியலில் அதற்குச் சொல்லும்படி வேலை எதுவும் இல்லை. 1951இல் செய்த லெ சேபரில் மழைத் துளி விழுந்தால் உணர்ந்துகொண்டு கூரை தானாக மேலே வரும். (எங்கள் ஐப்பசி ஜானவாசத்தில் தூறல் போட்டபோது மாமாதான் சென்சார். குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.)

1953 அவருடைய வருஷம். கார்வெட் வந்தது. முதல் வருஷம் 300 கார்கள்தான், எல்லாமே வெள்ளை, ஒன்றுக்கும் கூரை கிடையாது. காடிலாக் எல்டொராடோ 532. அந்த ஜனவரியில் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்ற ஊர்வலத்தில் நின்றபடி போனது எல்டொராடோவில்தான். அதுவும் ஒரு ஜானவாசம்தானே!

இவரை ரொம்பத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனசில்லை. கீழே வேலை செய்தவர்கள் அவரைக் கண்டு நடுங்கினார்கள். படம் வரையும் கை அவருக்கு அவ்வளவாக வராது. நாற்காலியில் உட்கார்ந்து, இங்கே கால் அங்குலம் ஏத்து, அங்கே இறக்கு என்பதுதான் அவர் முறை. அதைவிடப் பெரிய புகார் ஒன்று உண்டு. வருஷா வருஷம் புது மாடல் போட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் போன வருஷக் காரைப் பழசாகத் தெரிய வைப்பதே அவர் தொழில். அதை மறைக்கவும் இல்லை. 1934இல் ஒருவர் சராசரியாக 5 வருஷம் ஒரு காரை வைத்திருந்தார், இப்போது 2 வருஷம், அது 1 ஆனால் முழு மார்க் என்று ஐம்பதுகளில் வெளிப்படையாகவே சொன்னார். நம்ம கையில் இருக்கிற போன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று இப்போது புரியுதா?

1958 கடைசியில் ஓய்வு பெற்றார். 1969 ஏப்ரல் 10 அன்று ஃபுளோரிடாவில் இறந்தார். 1976இல் வந்த எல்டொராடோவைக் கடைசி அமெரிக்க கன்வர்ட்டிபிள் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆறு வருஷத்தில் கன்வர்ட்டிபிள் திரும்ப வந்துவிட்டது.

ஒரு வருஷத்தில் அலுத்துப் போகட்டும் என்று செய்த அந்தச் செவர்லேயைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். குளக்கரை ஒர்க்‌ஷாப்பில் புதுசாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் ஃபிரண்டோட அக்கா கல்யாணத்துக்கு வேணும்னு கேட்டேன். தை மாசம் முழுக்க புக்கிங் ஆயிடுச்சாம், மாசியில் பார்க்கலாம்னு சொன்னார் டிரைவர் அண்ணன்.