சேலத்து மாங்கனி



கொல்லிமலையின் வாழவந்தி நாட்டிலிருந்து இந்தத் தாத்தா எழுதுகிறேன். அடிவாரத்தில் உள்ள காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் எங்கள் மலை வரும். பலாவும் மிளகும் காப்பியும் விளையும் பூமி. இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1997-க்கு முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? இந்தியாவிலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது அந்தப் பழைய சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. அதைச் செய்தவர் மூதறிஞர் ராஜாஜி. சேலத்து மாங்கனி என்று அவரைச் செல்லமாகச் சொல்வார்கள். அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வக்கீல் துறந்த வருமானம்

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளி என்ற சிற்றூர். அங்கே 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்தார். முழுப்பெயர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. அப்பா அந்த ஊர் முன்சீப். ராஜாஜி ஓசூரிலும் பெங்களூரிலும் படித்தார். பிறகு சென்னையில் சட்டம் படித்து, 1900-ஆம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். விரைவிலேயே பெரிய வக்கீல் என்று பெயர் வாங்கினார். கை நிறைய வருமானம் வந்தது.

மனைவி அலமேலு மங்கம்மாள் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். ஐந்து குழந்தைகள். ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளாமல் அவர்களை வளர்த்தார்.

1917-இல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார் ஈ.வெ.ரா. இருவரும் நெருங்கிய நண்பர்கள். இந்த நட்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் சொல்கிறேன்.

1919-இல் காந்திஜியைச் சந்தித்தார். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார்! வேலூர் சிறைக்கும் போனார். அங்கே நாட்குறிப்பு எழுதினார். அது பின்னர் புத்தகமாக வந்தது.

1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். கதர் நூற்பது, தீண்டாமையை ஒழிப்பது, குடியை ஒழிப்பது ஆகியவை அதன் வேலைகள். குடியின் தீமையைச் சொல்வதற்காகவே விமோசனம் என்ற பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். அதில் அவருக்கு உதவியாக இருந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் பொன்னியின் செல்வன் எழுதிய கல்கிதான்.

1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை நடந்தது. சுமார் நூறு தொண்டர்களுடன் இரண்டு வாரம் நடந்து சென்று, ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறினார். அந்த யாத்திரைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் எங்கள் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை.

முதல்வர் நாற்காலி

1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வர் ஆனார். மாகாண முதல்வரையும் அப்போது பிரதமர் என்றே அழைத்தார்கள். உடனே மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கூலி வாங்கியவர் கடைக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதைத் தம் ஆசிரமத்தைச் சுற்றியிருந்த கிராமங்களில் கண்கூடாகப் பார்த்தவர் அவர்.

ஆனால் கடையை மூடினால் அரசுக்கு வரி வராதே! என்ன செய்வது? 1939-இல் விற்பனை வரி என்ற புதிய வரியைக் கொண்டுவந்தார். இப்போது கடையில் பொருள் வாங்கும்போது பில்லில் ஜி.எஸ்.டி. என்று போடுகிறார்களே, அதற்குத் தாத்தா இந்த வரிதான்.

கடனில் தவித்த விவசாயிகளைக் காக்க ஒரு சட்டம் போட்டார். 1939 ஜூலையில், மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார். அவர்கள்மேல் வழக்கு வராதபடி ராஜாஜியின் அரசு சட்டப் பாதுகாப்பு கொடுத்தது.

இரண்டு தவறுகள்

பெரியவர்கள் எல்லாம் சரியாகவே செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். ராஜாஜியும் தவறு செய்தார்.

முதல் ஆட்சியில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடம் ஆக்கினார். தமிழகம் கொதித்தது. பெரியார் சிறையில் அடைக்கப்பட்டார். நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் சிறைவாசத்தின்போது உயிரிழந்தார்கள். 1940-இல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பின்னாளில் ராஜாஜியே இந்தித் திணிப்பை எதிர்த்துப் பேசினார்.

இரண்டாவது, 1953-இல் வந்தது. அப்போது அவர் மறுபடியும் முதல்வர். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடங்கள் போதவில்லை, பணமும் இல்லை, நேரத்தைப் பிரித்தால் அதிகம் பேர் படிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் மக்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி எதிர்த்தார்கள்.

நான் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியன். இந்த இடத்தில் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். மாடு மேய்ப்பவரின் பிள்ளை பாதி நாள் மாடு மேய்த்தால், மீதி பாதி நாளில் டாக்டர் கனவு காண முடியுமா? மலையில் தினையும் சாமையும் விதைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தொழில் ஏற்கெனவே தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாதது எழுத்தும் கணக்கும்தான். அதற்கு முழு நாள் வேண்டும். ராஜாஜியின் கணக்கில் இந்தப் பிள்ளை விடுபட்டுப் போனது.

எதிர்ப்பு அவருடைய சொந்தக் கட்சியான காங்கிரசிலேயே வலுத்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார்.

தனியாக நின்றவர்

பதவி போகுமே என்று பயந்து ராஜாஜி தம் கருத்தை மாற்றிக்கொண்டதில்லை. 1942-இல் நாடே வெள்ளையனே வெளியேறு என்று முழங்கியது. அந்த வழி சரியில்லை என்று அவர் நினைத்தார். காங்கிரசை விட்டு விலகினார். சட்டமன்ற உறுப்பினர் பதவியையும் துறந்தார். பலர் அவரைத் துரோகி என்றே ஏசினார்கள். அவர் பொறுத்துக்கொண்டார்.

நாடு விடுதலை பெற்றபின் வங்காள ஆளுநர் ஆனார். 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர் அவர்தான்! 1954-இல் முதன்முதலாக பாரத ரத்னா விருது பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

எண்பது வயதில் வீட்டில் ஓய்வெடுத்தாரா? இல்லை. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். ஒரு தொழிற்சாலை தொடங்கவும் விரிவாக்கவும் அரசிடம் லைசென்ஸ் வாங்க வேண்டிய காலம் அது. அரசு எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, பழைய நல்ல வழக்கங்களை அவசரப்பட்டு உடைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. இப்படி நினைப்பவர்களைப் பழைமைவாதிகள் என்பார்கள். நேருஜி அவருடைய நெடுநாள் நண்பர். ஆனாலும் அவருடைய அரசை எதிர்த்தார். 1967 தேர்தலில் சுதந்திராக் கட்சி நாடாளுமன்றத்தில் 44 இடங்களைப் பிடித்தது.

1962-இல், 83 வயதில் அமெரிக்கா போனார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி அதிபர் கென்னடியை நேரில் சந்தித்துக் கேட்டார்.

இத்தனைக்கும் நடுவே எழுதிக்கொண்டே இருந்தார். மகாபாரதத்தையும் ராமாயணத்தையும் எளிய தமிழில் எழுதினார். அவருடைய ராமாயணமான சக்கரவர்த்தித் திருமகன் சாகித்ய அகாதமி விருது பெற்றது.

கண்ணீர் சிந்திய நண்பர்

1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்த அரசு முடிவு செய்தது. ராஜாஜிக்கு அப்போது 92 வயது. முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. 34 ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் அவர் மூடிய கதவு, அவர் கண்முன்னே திறந்தது.

1972 டிசம்பர் 25 அன்று, 94-ஆம் வயதில் ராஜாஜி மறைந்தார்.

அவருடைய இறுதிச் சடங்குக்குச் சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் வந்தார். தேம்பித் தேம்பி அழுதார். அவர்தான் பெரியார். கடவுள், சாதி, இந்தி, கல்வித் திட்டம் என்று எதிலும் இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. ஒருவர் ஆட்சியில் மற்றவர் சிறைக்கே போனார். ஆனாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான அந்த நட்பு முறியவில்லை.

குழந்தைகளே! வகுப்பில் எல்லோரும் ஒன்று சொல்லும்போது உங்களுக்கு வேறொன்று சரி என்று பட்டால், பயப்படாமல் எழுந்து சொல்லுங்கள். நீங்கள் சொன்னது தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளுங்கள். உங்களோடு வாதாடிய நண்பனுடன் அன்று மாலையே தோளில் கை போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து போங்கள்.