தோழமையில் மலர்ந்த மறைசாட்சி – புனித தேவசகாயம்



ஜூபிலி விழா என்றவுடன் நம் நன்றி முதலில் செல்வது குருக்களிடமும் கன்னியர்களிடமும்தான். கோயிலுக்கு அடிக்கல் நாட்டியவர்களை நினைக்கிறோம். பள்ளிக்கூடம் கட்டியவர்களை வாழ்த்துகிறோம். இது முறையே. ஆயினும் ஒரு பங்கின் விசுவாசம் பீடத்திலிருந்து மட்டும் பரவுவதில்லை. வள்ளத்திலும் பட்டறையிலும் தொழிற்சாலை வாசலிலும் ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்கு அது கைமாறி வருகிறது.

நமது வடசென்னைக் கடற்கரையே இதற்குச் சாட்சி. ராயபுரம் என்ற பெயரைச் சொல்லும்போதே அப்போஸ்தலரான ராயப்பர் நம் நினைவுக்கு வருகிறார். அங்குள்ள ராயப்பர் ஆலயத்தை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியவர்கள், அலையோடு போராடிக் கப்பல் சரக்கைக் கரைசேர்த்த படகோட்டிகள். அந்த ராயப்பரை ஆண்டவரிடம் அழைத்து வந்தவர் யார்? அவருடைய உடன்பிறந்தவரும், அவரோடு வலை வீசியவருமான பெலவேந்திரர்தான் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. உழைப்பாளி ஒருவர் தம் சகோதரரைத் தேடிச் சென்று அழைத்து வந்தார். திருச்சபைக்குத் தலைவர் கிடைத்தார்.

இதைப் போன்றதொரு நிகழ்ச்சி நம் தமிழ் மண்ணின் தென்கோடியிலும் நடந்தது. அதில் மலர்ந்தவரே புனித தேவசகாயம். அவரை மறைசாட்சியாக நாம் அறிவோம்; 14 சனவரி அன்று, பொங்கலை ஒட்டி, அவருடைய திருநாளையும் கொண்டாடுகிறோம். அவர் ஒரு நண்பரால் உருவாக்கப்பட்ட சீடர் என்பதையும், தாமே பிறரை உருவாக்கியவர் என்பதையும் நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஆண்மக்களாகிய நாம் அனைவரும் இவ்விழா ஆண்டில் சிந்திக்க வேண்டியது இதுவே.

அரண்மனை அலுவலர்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலம் என்னும் சிற்றூரில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் நீலகண்டன் பிறந்தார். தாயார் தேவகி அம்மாள், செல்வாக்கு மிக்க நாயர் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தையார் வாசுதேவன் நம்பூதிரி. மொழிக் கல்வியோடு போர்ப் பயிற்சியும் பெற்று வளர்ந்த இளைஞர் நீலகண்டன், பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பணியில் சேர்ந்தார். அரசு அலுவலில் பொறுப்பான பதவி கிடைத்தது. பார்கவி அம்மாள் என்னும் நற்குணப் பெண்மணியை மணந்து இல்லறம் நடத்தினார். ஊரார் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லாத வாழ்வு அது.

சிறைப்பட்ட தளபதி

1741-ஆம் ஆண்டு குளச்சல் கடற்கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றது. சிறைபிடிக்கப்பட்டவர்களில் யூஸ்டாக்கியஸ் தெ லனாய் என்பவரும் ஒருவர். இருபத்தைந்து வயதை ஒட்டிய இளைஞர், கத்தோலிக்கர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தம் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். கைதியாக வந்தவர் நாளடைவில் வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, என்று மக்களால் அழைக்கப்படும் நிலைக்கு உயர்ந்தார். உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டும் வேலையும், பீரங்கி வார்க்கும் வேலையும் அவர் பொறுப்பில் நடந்தன.

அரசு அலுவலரான நீலகண்டனும் தளபதி தெ லனாயும் பழகியது இந்தப் பணிகளின் ஊடேதான். ஒருவர் உள்ளூரின் உயர்குடியில் பிறந்தவர். மற்றவர் கடல் கடந்து வந்து தோற்றுப் பிடிபட்ட அந்நியர். நாளும் சேர்ந்து பார்த்த வேலை இருவரையும் நண்பர்களாக்கியது. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் பல மொழி பேசுவோரோடு தோளோடு தோள் நின்று வேலை செய்யும் நம் பகுதி மக்களுக்கு இது புரியாத காரியமன்று.

துன்ப வேளையில் கிடைத்த துணை

நீலகண்டனின் குடும்பத்திற்குச் சோதனைக் காலம் வந்தது. கால்நடைகள் மடிந்தன, சொத்துக்கள் அழிந்தன, மனம் சோர்ந்தது. முகம் வாடியிருப்பதைத் தளபதி கவனித்தார். காரணம் கேட்டார். நண்பர் மனம் திறந்து சொன்னதைப் பொறுமையோடு செவிமடுத்தார். அதன்பின் வேதாகமத்திலுள்ள யோபுவின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தார். ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்தபோதும் இறைவனைக் கைவிடாத அந்த நீதிமானின் கதை நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது.

தெ லனாய் செய்ததை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் குருவல்லர், மறைநூல் பண்டிதரும் அல்லர். ஒரு போர்வீரர். முதலில் நண்பரின் முகத்தைப் பார்த்தார். அடுத்து அவர் துயரத்தைக் கேட்டார். அதற்குப் பின்னரே வாய் திறந்தார். நம்மில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறோம். கேட்பதற்கு முன்னரே புத்தி சொல்லத் தொடங்கி, நம் பிள்ளைகளையே நம்மிடமிருந்து விலகச் செய்து விடுகிறோம்.

மேலும், நாடும் விடுதலையும் இழந்து அந்நியர் கையில் அகப்பட்ட ஒருவர் யோபுவைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. தாம் பட்ட துன்பத்தையே அவர் நண்பருக்கு மருந்தாக்கினார்.

வடக்கன்குளத்தில் புதுப் பிறப்பு

நீலகண்டன் கிறிஸ்துவை ஏற்க விரும்பியபோது, தளபதி அவரைக் கடிதத்துடன் வடக்கன்குளத்திற்கு அனுப்பி வைத்தார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், நெல்லைச் சீமையில் உள்ள அவ்வூரில் சேசு சபைக் குரு பரஞ்சோதி நாதர், அதாவது இத்தாலியரான புத்தாரி அடிகள், பணியாற்றி வந்தார். வந்திருப்பவர் அரசு அலுவலர் என்பதற்காக அவர் அவசரப்படவில்லை. இம்மனிதர் மறையில் சேர்ந்தால் என்னென்ன இன்னல்கள் நேரும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே காத்திருக்கச் செய்து, மறையுண்மைகளைக் கற்பித்து, உறுதியைச் சோதித்த பின்னரே திருமுழுக்கு அளித்தார். அது 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள். இடப்பட்ட பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். இறைவனே துணை என்பது அப்பெயரின் பொருள்.

ஆக, ஒரு சீடரை உருவாக்கப் பலர் தேவைப்பட்டார்கள். நண்பர் வழிகாட்டினார், குரு கற்பித்தார், வடக்கன்குளத்து விசுவாசிகள் உடன் நின்று ஏற்றுக்கொண்டார்கள். இவர்களில் ஒருவர் தம் பங்கைச் செய்யாதிருந்தாலும் இந்த வரலாறு வேறாகியிருக்கும்.

வீட்டிலிருந்து தொடங்கினார்

தேவசகாயம் பெற்ற ஒளியைத் தமக்குள் மூடி வைக்கவில்லை. முதலில் தம் மனைவியிடம் சென்றார். பார்கவி அம்மாள் முதலில் தயங்கினார். கணவர் கட்டாயப்படுத்தவில்லை, பொறுமையாக விளக்கினார். அம்மையாரும் மனமுவந்து ஞானப்பூ என்னும் பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். தெரேசா என்பதன் தமிழ் வழக்கே அப்பெயர்.

பிறகு தம்மோடு பழகியவர்களிடமும் நற்செய்தியைப் பேசினார். பேசியதைவிட வாழ்ந்து காட்டியதே பெரிது. சாதி வேற்றுமை கொடிதாக இருந்த காலம் அது. இன்னார் இன்ன தூரத்தில் நிற்க வேண்டும் என்று அளவிட்ட காலம். உயர்குடியில் பிறந்த அரசு அலுவலர், தாழ்த்தப்பட்டோர் என்று தள்ளி வைக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். ஒரே தந்தையின் மக்கள் என்று வாயால் சொல்லிவிட்டுத் தனிப்பந்தியில் உண்ண அவருக்கு மனம் வரவில்லை. இதைச் செல்வாக்குள்ளோர் பொறுத்துக்கொள்ளவில்லை.

விலங்கிலும் விசுவாசத் தூதர்

அரசத் துரோகம், ஒற்று வேலை என்று பொய்க் குற்றங்கள் சுமத்தப்பட்டன. பதவி பறிக்கப்பட்டது. 1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின் மேல் பின்புறமாக அமர்த்தி, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். நாள்தோறும் அடித்தார்கள், புண்களில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். உதயகிரிக் கோட்டைக்கு அருகிலுள்ள புலியூர்க்குறிச்சியில் அவர் தாகத்தால் வாடி, முழங்கையால் பாறையை இடிக்க, அதிலிருந்து நீர் சுரந்தது என்பது மக்கள் மரபு. அந்தப் பாறையை இன்றும் பக்தர்கள் தேடிச் செல்கிறார்கள்.

பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அவமானப்படுத்துவதற்காக அவரைக் காட்சிப் பொருளாக்கினார்கள். ஆனால் மக்களோ அவரிடம் ஆறுதல் தேடி வந்தார்கள். பிணியாளர்கள் அவருடைய செபத்தைக் கேட்டார்கள். காவலரும் இரக்கம் கொண்டார்கள். கை கால்களில் விலங்கு பூண்டவர் மற்றவர்களைத் தேற்றினார். வசதி வந்த பிறகு கோயில் காரியம் பார்ப்போம், ஓய்வு பெற்ற பிறகு பார்ப்போம் என்று ஒத்திப்போடும் நமக்கு இது பாடம் அல்லவா?

இறுதியில் 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமுழுக்குத் தேடி அவர் சென்ற திசையிலேயே அவருடைய இரத்தமும் சிந்தப்பட்டது. வயது 39. கிறிஸ்தவராக வாழ்ந்தது ஏழாண்டுகள்கூட நிறையவில்லை. அதிலும் ஏறக்குறைய மூன்றாண்டுகள் விலங்கில் கழிந்தன. அவருடைய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் சேகரித்துக் கோட்டாற்றில் புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

தெ லனாய் அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 1777-இல் இறந்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது. அவர் கட்டிய கோட்டைகளைப் பார்க்கச் செல்வோர் சிலர். அவர் நண்பராகக் கொண்டு வழிகாட்டிய மனிதரின் கல்லறையில் மண்டியிடுவோர் பல்லாயிரவர். தளபதியின் பெயர் நிலைத்ததற்குக் கருங்கல்லைவிட அந்தத் தோழமையே பெரிய காரணம் என்றால் மிகையாகாது.

திருச்சபை தேவசகாயத்தை 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளராக உயர்த்தியது. 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவாகவோ துறவியாகவோ அல்லாமல், மணமான பொதுநிலையினராக வாழ்ந்து இப்பேறு பெற்ற முதல் இந்தியர் அவரே.

நமக்கு அவர் விடுக்கும் அழைப்பு

சகோதரர்களே! நம் பகுதியில் தொழில் எப்படிக் கற்றுக்கொள்ளப்படுகிறது? காசிமேட்டில் நீரோட்டத்தையும் காற்றையும் அறியச் சிறுவன் புத்தகம் படிப்பதில்லை. அப்பனோடும் சித்தப்பனோடும் கடலுக்குப் போகிறான். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் பட்டறையில் சேரும் பையன் மேஸ்திரியின் கையைப் பார்த்தே வேலை பழகுகிறான். கருவியைக் கையில் கொடுத்து, தவறினால் திருத்தி, தேறியதும் தனியே விட்டு, ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை உருவாக்குகிறார். விசுவாசமும் அப்படித்தான் கற்பிக்கப்பட வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? மறைக்கல்வியை உபதேசியாரிடமும் கன்னியர்களிடமும் விட்டுவிட்டோம். வீட்டில் செபமாலை சொல்வது பெண்களின் வேலை என்று ஒதுங்கிவிட்டோம். ஞாயிறு பூசையில் ஆண்கள் பலர் கோயில் வாசலிலேயே நின்றுவிட்டு, இறுதி ஆசீருக்கு முன்பே வண்டியைக் கிளப்பி விடுகிறோம். இதைப் பார்த்து வளரும் மகன், பெரியவனானால் வெளியே நிற்கலாம் என்பதையே கற்றுக்கொள்கிறான். குடியும் கடனும் வேலையின்மையும் அவனை வளைக்கும் நாளில், அவன் முகவாட்டத்தைக் கவனித்துக் காரணம் கேட்க ஒரு தெ லனாய் வேண்டாமா? அந்த மனிதர் நம் பங்கிலேயே இருக்க வேண்டாமா?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இவ்விழா ஆண்டில் ஒவ்வோர் ஆண்மகனும் ஓர் இளைஞனைத் தன் பொறுப்பாக ஏற்கட்டும். ஞானத்தந்தையாக நின்ற பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தேடிப் பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம். வாரம் ஒருமுறை அவனோடு அமர்ந்து பேசுங்கள், முதலில் கேளுங்கள். அவனோடு சேர்ந்து நற்செய்தியில் ஒரு பகுதியை வாசியுங்கள். நோயுற்றோரைக் காணச் செல்லும்போது அவனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மறைக்கல்விக்கும் திருவருட்சாதனங்களுக்கும் அவனைப் பங்குத்தந்தையிடம் கூட்டிச் செல்லுங்கள். அவசரம் வேண்டாம், புத்தாரி அடிகளும் அவசரப்படவில்லை. சாதியும் சம்பளமும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். அந்தச் சுவரை இடித்ததற்காகவே நம் புனிதர் விலங்கு பூண்டார்.

உங்கள் கையில் வளர்ந்தவன் உங்களைவிட உயர்ந்து நிற்கக்கூடும். அதற்காக மகிழுங்கள். பெலவேந்திரர் அழைத்து வந்த சகோதரர் அப்போஸ்தலர்களின் தலைவரானார். தெ லனாய் வழிகாட்டிய நண்பர் பீடத்தில் வணங்கப்படும் புனிதரானார். நம் பங்கின் அடுத்த விழா மலரை எழுதப்போகிறவர்கள், இன்று நம் பக்கத்தில் நிற்கும் சிறுவர்களே.

புனித தேவசகாயமே, உழைத்துப் பிழைக்கும் எங்களுக்காக, எங்கள் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும்!