மலைக்குப் படி கட்டிய வர்த்தகர்



சென்னைக்குப் போகும்போது பரங்கிமலை ஏறி, அர்ச். தோமையார் வேதசாட்சியாக மரித்த இடமென்று பாரம்பரியம் கூறும் ஸ்தலத்தில் உங்களில் பலர் ஜெபித்திருப்பீர்கள். சுமார் 300 அடி உயரமுள்ள அக்குன்றின் உச்சியில் 1523-ம் ஆண்டு போர்த்துக்கீசியர் தேவமாதாவுக்குக் கோவில் எழுப்பினர். 1547-ல் அங்கே அஸ்திவாரம் தோண்டுகையில், பகலவி எழுத்துக்கள் சூழ்ந்த பழைய கற்சிலுவை ஒன்று அகப்பட்டது. இன்றும் அது பீடத்தில் விளங்குகிறது. ஆனால் மலைமேல் ஏறும் கருங்கற் படிகள் யாருடைய தர்மம் என்று அறிவீர்களா?

அவர் பெயர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். பாரசீக தேசத்து ஜுல்பா நகரத்து அர்மீனியர், கத்தோலிக்கர். 1720-களில் சென்னையில் குடியேறி, மணிலா வரை கப்பல் வர்த்தகம் செய்து பெருஞ்செல்வம் சேர்த்தார்.

அந்நாட்களில் கோட்டையிலிருந்து மலைக்கு வரும் யாத்திரிகர்கள் அடையாற்றைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் வழிமறிக்கும். கடந்து வந்தாலோ செங்குத்தான ஏற்றம். முதியோரும் நோயாளிகளும் என் செய்வார்கள்? பெட்ரூஸ் தம் சொந்தப் பணத்தால் மலைக்குப் படிகள் அமைத்தார். 1726-ல் சைதாப்பேட்டையில் ஆற்றின் குறுக்கே பாலமும் கட்டினார். அதற்குச் செலவு 30,000 வராகன். அதோடு நிற்கவில்லை, பராமரிப்புக்கென்று 1,500 வராகன் தனியே வைத்தார்.

1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். தங்களுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் சொத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். தம்மை வாழவைத்த ஆங்கிலேயருக்கு நன்றி மறக்க அவர் மனம் ஒப்பவில்லை. சொத்தை இழந்தார். 1749-ல் ஆங்கிலேயர் திரும்பி வந்து, கத்தோலிக்கரையும் அர்மீனியரையும் கோட்டை நகரிலிருந்து வெளியேற்றியபோது, அவருக்கு விலக்கு அளித்துக் கௌரவித்தனர்.

1751-ல் அவர் மரித்தார். சரீரம் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. இருதயமோ, அவர் விருப்பப்படியே, பிறந்த ஊராகிய ஜுல்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் கட்டிய பாலம் 1960-களில் புதிய பாலத்துக்கு இடங்கொடுத்தது. கல்வெட்டு மட்டும் சைதாப்பேட்டையில் மிஞ்சியிருக்கிறது.

தறி போட்டுவிட்டால் போதாது, அச்சும் விழுதும் பழுதாகும் போதெல்லாம் செலவிட வேண்டும் என்பது நெசவாளர் வீடுகளுக்குத் தெரியாததன்று. ஆயினும் கோவில் கட்டும்போது தாராளமாகக் கொடுக்கும் நாம், ஒழுகும் கூரைக்கும் சுண்ணாம்புக்கும் கேட்டால் தயங்குகிறோம். பெட்ரூஸ் ஒதுக்கி வைத்த 1,500 வராகனை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தப் படிகளில் ஏறும்போது, அவருடைய ஆத்துமத்துக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லுங்கள்.