பீட்டர் கத்ரி டெய்ட்

பீட்டர் கத்ரி டெய்ட் (ஏப்ரல் 28, 1831 – ஜூலை 4, 1901) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் கணிதவியலாளரும் ஆவார். வெப்ப இயக்கவியல், குவாட்டர்னியன்கள், முடிச்சுக் கோட்பாடு ஆகிய துறைகளில் பங்களித்தவர். கோல்ஃப் பந்து காற்றில் நெடுந்தொலைவு செல்வதற்கு அதன் பின்சுழற்சியே முதன்மைக் காரணம் என்பதைக் கணித முறையிலும் சோதனை வாயிலாகவும் விளக்கியவர் என்ற வகையிலும் இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

டெய்ட் எடின்பரோவுக்கு அருகிலுள்ள டல்கீத் என்னும் ஊரில் பிறந்தார். எடின்பரோ அகாதமியில் பயின்றபோது, பின்னாளில் மின்காந்தவியலில் புகழ்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல் இவருக்கு ஒரு வகுப்பு மேலே படித்தார். இருவரது நட்பும் வாழ்நாள் முழுவதும் நீடித்தது. கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் பயின்ற டெய்ட், 1852 ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார்.

1854 இல் பெல்பாஸ்ட் நகரின் குயின்ஸ் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 1860 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு மாக்சுவெல்லும் விண்ணப்பித்திருந்த போதிலும், டெய்ட்டே தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியில் 1901 வரை பணியாற்றினார். வில்லியம் தாம்சனுடன் (பின்னாளில் கெல்வின் பிரபு) இணைந்து இவர் எழுதிய இயற்பியல் பெருநூல் 1867 இல் வெளிவந்தது.

1857 இல் மார்கரெட் போர்ட்டர் என்பவரை மணந்தார். மார்கரெட்டின் உடன்பிறந்தவரான வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டர், கும்பகோணம் அரசு கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

கோல்ஃப் ஈடுபாடு

டெய்ட் தம் விடுமுறைக் காலங்களைக் கோல்ஃப் ஆட்டத்தின் தாயகமெனக் கருதப்படும் செயின்ட் ஆன்ட்ரூஸ் நகரில் கழித்தார். ஒரே நாளில் ஐந்து முழு ஆட்டங்கள் ஆடியதும் உண்டு. இருளிலும் ஆட வேண்டும் என்ற விருப்பத்தால், பந்துகளுக்கு ஒளிரும் பூச்சிட்டு ஆடிப் பார்த்தார். உடன் ஆடியவரின் கையுறை தீப்பற்றியதால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இவரது மகன்களுள் ஒருவரான பிரடெரிக் கத்ரி டெய்ட் (பிறப்பு: 1870) அக்காலத்தின் தலைசிறந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களுள் ஒருவராக விளங்கினார். பிரெடி என அழைக்கப்பட்ட இவர், 1896, 1898 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானியத் தொழில்முறை சாரா வாகையர் பட்டத்தை வென்றார். தந்தையின் ஆய்வுகளில் பந்தை அடித்துக் காட்டும் பணியையும் இவர் மேற்கொண்டார்.

பந்தின் பறப்பு பற்றிய ஆய்வு

நன்கு அடிக்கப்பட்ட பந்து ஆறு வினாடிகளுக்கும் மேலாக வானில் நிற்பதை டெய்ட் கவனித்தார். காற்றின் தடையையும் புவியீர்ப்பையும் மட்டும் கணக்கில் கொண்டால், பந்து அவ்வளவு நேரம் பறக்கவோ அவ்வளவு தொலைவு செல்லவோ இயலாது. மேலும், பந்தின் பாதை தொடக்கத்தில் ஏறத்தாழ நேர்கோடாகவும், சில வேளைகளில் மேல்நோக்கி வளைந்தும் காணப்பட்டது. எனவே, பந்தை மேலே தாங்கும் விசை ஒன்று இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

மட்டையின் சாய்ந்த முகம் பந்தில் பின்சுழற்சியை உண்டாக்குகிறது. அதாவது, பந்தின் மேற்பகுதி பின்னோக்கியும் கீழ்ப்பகுதி முன்னோக்கியும் சுழல்கின்றன. இச்சுழற்சி பந்தைக் கடந்து செல்லும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது; அதன் எதிர்விசை பந்தை மேலே உயர்த்துகிறது. 1850களில் இவ்விளைவை ஆராய்ந்த செருமானிய அறிஞர் குஸ்தாவ் மாக்னசின் பெயரால் இது மாக்னஸ் விளைவு எனப்படுகிறது. உயர்த்தும் விசை பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் பெருக்கிய அளவுக்கு நேர்விகிதத்தில் அமையும் எனக் கொண்டு, டெய்ட் பந்தின் பாதைகளைக் கணக்கிட்டார். 1890களில் எடின்பரோ அரச கழகத்தின் வெளியீடுகளிலும் நேச்சர் இதழிலும் இம்முடிவுகள் வெளியாயின.

சுழற்சி உண்மையிலேயே உண்டு என்பதை மெய்ப்பிக்க இவர் கையாண்ட முறை எளிமையானது. பந்தில் ஒரு நீண்ட நாடாவின் முனையைப் பொருத்தி, அதனைக் களிமண் இலக்கை நோக்கி அடிக்கச் செய்தார். பின்னர் நாடாவில் விழுந்திருந்த முறுக்குகளை எண்ணி, பந்து எத்தனை முறை சுழன்றது என அறிந்தார். ஊசல் ஒன்றில் பந்தை மோதச் செய்து அதன் தொடக்க வேகத்தையும் அளந்தார்.

1893 சனவரியில் செயின்ட் ஆன்ட்ரூசில் பிரெடி அடித்த பந்து சுமார் 250 கெஜம் காற்றில் பறந்து, உறைந்த தரையில் உருண்டு, மொத்தம் 341 கெஜம் சென்றது. இதனால் தந்தையின் கோட்பாட்டை மகன் பொய்ப்பித்துவிட்டார் என்றொரு கதை பரவியது. அது பொருத்தமன்று. குறைந்த தொலைவைத் தந்தது சுழற்சியற்ற பந்துக்கான கணக்கீடே ஆகும். அக்கணக்குக்கும் களத்தில் கண்டதற்கும் இடையிலான வேறுபாடே டெய்ட்டைச் சுழற்சியை நோக்கி இட்டுச் சென்றது.

மேற்பரப்பின் பங்கு

டெய்ட்டின் காலத்துப் பந்துகள் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பிசினால் ஆனவை. வழுவழுப்பான புதிய பந்தைவிட, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து நன்கு பறப்பதை ஆட்டக்காரர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். எனவே புதிய பந்துகளின் மீது சுத்தியலால் வேண்டுமென்றே தழும்புகள் இடப்பட்டன. 1905 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் டெய்லர், சிறு குழிகள் கொண்ட பந்துக்குக் காப்புரிமை கோரினார்.

இதன் காரணம் டெய்ட்டின் மறைவுக்குப் பின்னரே தெளிவாயிற்று. 1904 இல் லுட்விக் பிராண்டில் எல்லைப்படலம் என்னும் கருத்தை முன்வைத்தார். பந்தை ஒட்டிச் செல்லும் மெல்லிய காற்றுப் படலம் சீராக ஓடினால், அது பந்தின் பரப்பை விட்டு விரைவில் பிரிந்து, பின்னால் அகன்ற சுழல் பகுதியை உருவாக்கும். குழிகள் அப்படலத்தைக் கொந்தளிப்பாக மாற்றுவதால், அது பந்தின் பின்புறம் வரை ஒட்டிச் செல்கிறது. சுழல் பகுதி குறுகுகிறது. இதனால் இழுவிசை ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. 1914 இல் பிராண்டில் கோளம் ஒன்றின் மீது மெல்லிய கம்பி வளையத்தைப் பொருத்தி இதே விளைவைக் காட்டினார். தற்காலப் பந்துகளில் பொதுவாக 300 முதல் 500 வரை குழிகள் உள்ளன. டெய்ட் கண்ட உயர்த்தும் விசையும், மேற்பரப்பால் குறையும் இழுவிசையும் சேர்ந்தே பந்தின் பறப்பை முழுமையாக விளக்குகின்றன.

இறுதிக் காலம்

பிளாக் வாட்ச் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்த பிரெடி, போயர் போரில் பங்கேற்று, 1900 பெப்ரவரி 7 அன்று தென்னாப்பிரிக்காவின் கூடூஸ்பெர்க்கில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30. ஆட்டத்திலும் ஆய்விலும் துணையாக இருந்த மகனின் இழப்பு டெய்ட்டின் உடல்நலத்தைப் பெரிதும் பாதித்தது. 1901 இல் பேராசிரியர் பதவியிலிருந்து விலகினார். அவ்வாண்டு சூலை 2 அன்றும் குவாட்டர்னியன்கள் பற்றிய குறிப்பொன்றை எழுதினார். இரு நாட்களுக்குப் பின்னர் எடின்பரோவில் காலமானார்.

முடிச்சுகள் குறித்து இவர் முன்வைத்த கருதுகோள்கள் நூறாண்டுகளுக்குப் பின், 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் நிறுவப்பட்டன.