எண்ணுலகில் ஒரு தமிழர்: சு. சிவசங்கரநாராயண பிள்ளை

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் மலையின் இருபுறமும் தமிழ் வழங்குவதை நாம் அறிவோம். அப்பகுதிகளுக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், குற்றாலத்திற்கு அருகே வல்லம் என்னும் சிற்றூர் உள்ளது. கணித அறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை 1901ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்தார். பெற்றோர் சுப்பையா பிள்ளை, கோமதி அம்மாள்.

பிறந்த ஓராண்டிலேயே அவர் அன்னையை இழந்தார். பள்ளி இறுதி ஆண்டில் தந்தையும் மறைந்தார். கல்வி தடைப்படும் நிலையில், அவரது திறமையை உணர்ந்த ஆசிரியர் ஒருவர் பொருளுதவி செய்தார். அவ்வுதவியால் பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும், பின்னர்த் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்றார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

அங்கு அவர் ஒரு பழைய வினாவிற்கு விடை தேடினார். 1770இல் எட்வர்டு வேரிங் என்னும் ஆங்கிலேய அறிஞர், எந்த முழு எண்ணையும் 4 வர்க்கங்களின் கூட்டலாகவோ 9 கனங்களின் கூட்டலாகவோ எழுதலாம் என்றார். உயர்ந்த அடுக்குகளுக்கும் இவ்வாறு ஓர் எல்லை உண்டு என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், ஆறாம் அடுக்குகள் எத்தனை வேண்டும்?

ஓர் எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் கிடைப்பது அதன் ஆறாம் அடுக்கு. 1, 2, 3 ஆகியவற்றின் ஆறாம் அடுக்குகள் முறையே 1, 64, 729. இப்போது 703 என்னும் எண்ணைக் காண்போம். இது 729ஐ விடச் சிறியது. எனவே 64, 1 ஆகிய இரண்டையே பயன்படுத்த இயலும். பத்து 64கள் சேர்ந்தால் 640. எஞ்சிய 63க்கு அறுபத்து மூன்று 1கள் தேவை. ஆக மொத்தம் 73.

703க்கு 73 தேவை என்பதை நாமும் கணக்கிட்டுவிடலாம். ஆனால் எத்துணைப் பெரிய எண்ணாயினும் 73க்கு மேல் தேவைப்படாது என்று நிறுவுவதே அரிது. எண்களுக்கு முடிவில்லை ஆதலின், ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து இதனை முடிக்க இயலாது. பிள்ளை 1940இல் இதனை ஐயமற நிறுவினார். ஐந்தாம் அடுக்கிற்கான விடை 1964இலும், நான்காம் அடுக்கிற்கான விடை 1986இலுமே உறுதியாயின. இதிலிருந்தே அவர் சாதனையின் அருமை விளங்கும்.

பின்னர் அவர் திருவிதாங்கூர், கல்கத்தாப் பல்கலைக்கழகங்களில் பணிபுரிந்தார். 1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் அவரை ஓராண்டுக்கு அழைத்தது. ஆர்வர்டில் நடைபெற்ற உலகக் கணித மாநாட்டிலும் பங்கேற்கப் புறப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள் அவர் சென்ற விமானம் எகிப்தின் கெய்ரோ நகருக்கு அருகே விபத்துக்குள்ளானது. பயணம் செய்த அனைவரும் மாண்டனர். அப்போது பிள்ளைக்கு வயது 49.

அன்று ஓர் ஆசிரியர் நீட்டிய உதவிக்கரம் ஒரு மாணவனின் கல்வியைக் காத்தது. அம்மாணவன் கண்ட உண்மை இன்றும் கணித உலகில் நிலைத்து நிற்கிறது.

அருஞ்சொற்பொருள்
எஞ்சிய – மீதமுள்ள
நிறுவுதல் – சான்றுடன் மெய்ப்பித்தல்
ஐயமற – சந்தேகம் இல்லாமல்

பயிற்சி
1. பிள்ளையின் கல்வி தொடர உதவியவர் யார்?
2. 703ஐ எழுத 729ஐப் பயன்படுத்த இயலாதது ஏன்?
3. 127ஐ ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதுக. குறைந்தது எத்தனை வேண்டும்?