ரொபர்ட் ஓவனும் பேசாத கங்காணியும்

ஊழியர் நலன் என்ற சொல் இப்போது எங்கள் நிறுவனங்கள் பலவற்றின் ஆண்டறிக்கைகளில் வந்துவிடுகிறது. கூடவே யோகா வகுப்பு, வருடத்துக்கு ஒரு சுற்றுலா, பிறந்தநாளுக்கு ஒரு கேக். தொழிலாளர் விடயங்களை எழுதுகிறவள் என்ற வகையில் இவற்றைப் படிக்கும்போது எனக்கு ரொபர்ட் ஓவனின் நினைவுதான் வரும். கேக் வெட்டுவதை விடக் கடினமான வேலைகளை இருநூறு வருடங்களுக்கு முன்பே செய்து பார்த்த பஞ்சாலை முதலாளி அவர்.

ஓவன் 1771இல் வேல்ஸின் நியூடவுனில் பிறந்தார். தகப்பன் குதிரைச் சேணம் செய்பவர். பத்து வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்ட பையன், துணிக்கடைகளில் வேலை பழகி, இருபது வயதை ஒட்டி மன்செஸ்டரில் ஏறத்தாழ 500 பேர் வேலை செய்த ஆலைக்கு முகாமையாளரானான். 1799இல் ஓவனும் பங்காளிகளும் ஸ்கொட்லாந்தின் நியூ லனார்க் ஆலைகளை டேவிட் டேலிடமிருந்து 60,000 பவுணுக்கு வாங்கினார்கள். அதே வருடம் டேலின் மகள் கரோலினை அவர் மணந்தார்.

ஆலைக் குடியிருப்பில் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களில் ஐந்நூறு பேரளவில் அநாதை இல்லங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகள். அப்படிப் பிள்ளைகளை எடுப்பதை ஓவன் நிறுத்தினார். பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேலை இல்லை என்றார். கலப்படச் சாமானை அறாவிலைக்கு விற்ற கடைகளின் இடத்தில் ஆலையே ஒரு கடை திறந்தது. நல்ல சாமான், கொள்விலைக்குக் கிட்டிய விலை, வந்த லாபம் பள்ளிக்கூடத்துக்கு. கடன்கொப்பியில் சம்பளம் கரைவதைக் கண்ட எவருக்கும் இதன் பெறுமதி விளங்கும்.

ஆனாலும் தொழிலாளர்கள் அவரை உடனே நம்பவில்லை. வெளியூர் முதலாளி, எதையோ பிடுங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை போட்டுப் பருத்தி விலை ஏறியபோதுதான் அது மாறியது. மற்ற ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. ஓவன் இயந்திரங்களை நிறுத்தி, அவற்றைத் துடைத்து வைத்திருக்கச் சொல்லி, நான்கு மாதங்கள் முழுச் சம்பளம் கொடுத்தார். செலவு 7,000 பவுணுக்கு மேல். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் இதுதான் பெரிய காரியம். வேலை இல்லாத மாதத்தில்தானே ஒரு முதலாளியின் நலன் பேச்சை உரசிப் பார்க்கலாம்.

இனி அந்தக் கட்டை. ஒவ்வொரு தொழிலாளியின் இடத்திலும் நான்கு பக்கமுள்ள சிறு மரக்கட்டை ஒன்று தொங்கும். கறுப்பு என்றால் மோசம், நீலம் சுமார், மஞ்சள் நல்லது, வெள்ளை மிக நல்லது. நேற்றைய நடத்தைக்கு ஏற்ப மேற்பார்வையாளர் ஒரு நிறத்தை முன்னால் திருப்பி வைப்பார். அது புத்தகத்திலும் பதிவாகும். பேசாத கங்காணி என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். அடியும் ஏச்சும் தண்டமும் வேண்டாம் என்பதற்காகவே ஓவன் இதைச் செய்தார்; நிறம் அநியாயம் என்றால் அவரிடமே முறையிடவும் முடியும். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். இருந்தும், நாள் முழுக்கத் தன் மதிப்பெண்ணைப் பக்கத்தில் தொங்கவிட்டு நூல் நூற்ற பெண்ணை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தையல் லைனுக்கு மேலே மணித்தியால இலக்கு எழுதிய பலகையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: அந்த ஆலைக்கு வந்த அமெரிக்கப் பருத்தி, அடிமைகள் பறித்தது.

செலவைக் கண்டு பங்காளிகள் முறுகினார்கள். 1813இல் ஆலை ஏலத்துக்கு வந்தது. ஜெரமி பெந்தாம், வில்லியம் அலன் போன்ற புதிய பங்காளிகளோடு சேர்ந்து ஓவனே அதை மீட்டார். முதலுக்கு வருடம் ஐந்து வீதத்துக்கு மேல் எடுப்பதில்லை என்பது அவர்களின் உடன்பாடு. 1816 புதுவருட நாளில் பள்ளிக்கூடம் திறந்தது. நடக்கப் பழகிய குழந்தைகளுக்கும் அங்கே இடம் இருந்தது. பாட்டும் நடனமும் பாடத்தில் சேர்ந்தன.

ஒரு நல்ல முதலாளி போதாது, சட்டம் வேண்டும் என்று பாராளுமன்றத்தை நெருக்கியவரும் அவர்தான். 1819இல் வந்த சட்டம் பருத்தி ஆலைகளுக்கு மட்டும். ஒன்பது வயதுக்குக் கீழே வேலை இல்லை, பதினாறு வரை பன்னிரண்டு மணித்தியாலம். சோதிக்கச் சம்பள அதிகாரி எவரும் இல்லாததால் அது பெரும்பாலும் கடதாசியிலேயே கிடந்தது.

பிறகு அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற பொதுவுடைமைக் குடியிருப்பில் சொத்தின் பெரும்பகுதியை இழந்தார். திரும்பி வந்து 1834இல் தேசிய தொழிற்சங்கக் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கினார். அதுவும் மாதங்களில் உடைந்தது. 1844இல் ரொச்டேலில் கூட்டுறவுக் கடை திறந்த தொழிலாளர்களில் சிலர் அவருடைய ஆதரவாளர்கள். எங்கள் சங்கக்கடைகளின் வம்சவழி அங்கே போய்த் தொடும்.

1858இல், 87 வயதில், பிறந்த ஊருக்கே போய் இறந்தார். நியூ லனார்க்கில் இயந்திரங்கள் 1968 வரை ஓடின.